மேசை என்று பதியப்பட்ட மெசின்

எங்கள் தையல் பயிற்சி நிலையத்துக்குக் கணினி மெசின்கள் வந்துவிட்டனவாம். ஊசியில் நூல் கோப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவையே செய்யுமாம். அந்த மகிழ்ச்சியில் ஒரு சிறப்பு மலர் வெளியிடுகிறார்கள். மலர்க் குழுவில் இருக்கும் இளம் போதனாசிரியை ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "சேர், உங்கட சேவைக் காலத்தில மறக்க ஏலாத ஒரு சாதனையைப் பற்றி எழுதித் தாங்கோ. வாசிக்கிறவைக்கு ஊக்கம் தாற மாதிரி இருக்கோணும்" என்றார். முப்பத்திரண்டு வருடம் மெசின் திருத்துகிறவனாக இருந்தபோது என்னை, கைவேலைக்காரரை எல்லாம் கூப்பிடுகிற மாதிரி, 'பாஸ்' என்றுதான் கூப்பிட்டார்கள். அதுவும் ஊசி உடைந்தால் மட்டும். ஓய்வு பெற்ற பிறகு 'சேர்' ஆகிவிட்டேன்.

ஊக்கம் தருகிற சாமான் என்னிடம் இல்லை. காலால் மிதித்து ஓட்டுகிற ஒரு கால்மெசினின் கதை இருக்கிறது. மலரில் போடமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டே எழுதுகிறேன்.

தொழில் படித்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு பட்டறையில் இரண்டு வருடம் படகு எஞ்சின் கழுவினேன். மூன்றாவது வருடம் கழற்ற விட்டார்கள். நான்காவது வருடம் அரசாங்க வேலைக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத்தில், தையல் மெசினைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார்கள். "எண்ணெய் விடோணும்" என்றேன். எடுத்துவிட்டார்கள். கொழும்பில் ஆறு மாதம் பயிற்சி தந்தார்கள். அங்கே படித்ததன் சாரமும் அதுதான்.

எங்கள் நிலையத்தை உட்துறைமுகத்தைப் பார்த்தபடி கட்டியிருந்தார்கள். காட்சிக்கு அருமையான இடம். இரும்புச் சாமான் வைப்பதற்கு இதைவிடக் கெட்ட இடத்தை இலங்கை முழுவதும் தேடினாலும் கண்டுபிடிப்பது கஷ்டம். காலையில் துடைத்து வைத்த ஊசி மத்தியானம் கறள் கட்டும். எனக்கு வேலை நிரந்தரமானதற்கு என் திறமையைவிட அந்த உப்புக் காற்றுத்தான் கூடுதலாக உதவியது.

நான் சொல்லப்போகிற காரியம் நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன் நடந்தது. நாட்டில் எண்ணெயும் கரண்டும் இல்லாமல் போன வருடம் அது. வகுப்பில் இருபது மின்சார மெசின்கள் வரிசையாக நின்றன. இருபது பிள்ளைகள் அவற்றின் முன் உட்கார்ந்து, மாதிரி வெட்டுகிற கடதாசியால் விசிறிக்கொண்டிருந்தார்கள். கந்தோர் மூடுகிற நேரம் பார்த்துக் கரண்ட் வரும். ஆனால் வரவுப் பதிவேட்டில் ஒருவரும் கையெழுத்திடத் தவறவில்லை. நானும் தவறவில்லை. ஓடாத மெசின்களுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு, அந்த எண்ணெயும் முடிகிற நாளுக்காகக் காத்திருந்தேன்.

அப்படியொரு முற்பகலில் ஒரு பெண் நிலையத்தில் என் திருத்தும் பட்டறை வாசலுக்கு வந்தார். அறுபதைத் தாண்டிய முஸ்லிம் பெண். பஸ் இல்லாததால் கிண்ணியாப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணியிலிருந்து பாதித் தூரம் நடந்தும் மீதித் தூரம் ஒரு விறகு லொறியிலும் வந்ததாகச் சொன்னார். பொலித்தீன் பையைப் பிரித்து, மடிப்புகளில் கிழிந்து பிளாஸ்டர் ஒட்டிய ஒரு கடதாசித் துண்டை நீட்டினார்.

"தம்பி, இத ஒருக்காப் பாருங்க. என்ட மெசின இங்கதான் தந்த."

எங்கள் நிலையத்தின் பற்றுச்சீட்டு. அந்தக் காலத்தில் வெளியாரின் மெசின்களையும் திருத்திக் கொடுப்போம். பெயர்: றமீசா. ஊர்: குறிஞ்சாக்கேணி. சாமான்: கால்மெசின் ஒன்று. குறைபாடு: நூல் அறுகிறது. திரும்ப வரவேண்டிய நாள்: வெள்ளிக்கிழமை. கீழே கையெழுத்து. அவ்வளவு அழகான கையெழுத்து யாருடையது என்று ஒரு கணம் யோசித்தேன். என்னுடையதுதான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் போட்டது. அப்போது எனக்குக் கையெழுத்தை அழகாகப் போட நேரம் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை வருவதற்குள் ஊரில் குழப்பம் தொடங்கிவிட்டது. யுத்தத்தைத்தான் அப்படிச் சொல்வோம்; சனம் வீடு வாசலை விட்டு ஓடியது. கிண்ணியாவுக்கு அன்று பாலம் இல்லை. பாதை என்று சொல்லும் மிதவைப் படகில்தான் சனமும் வாகனமும் வந்து போகும். பாதை நின்றது. நிலையத்தையும் பூட்டினார்கள். பல மாதம் கழித்துத் திறந்தபோது, அந்த மெசினின் தலையை மடித்து உள்ளே இறக்கி, மேல்பலகையை மூடி, நிலையத்தின் உள்நடைபாதை ஓரமாக நானே தள்ளி வைத்தேன். ஆள் வந்தால் கொடுக்கலாம் என்று. தலையை இறக்கிவிட்டால் கால்மெசின் பார்வைக்கு ஒரு மேசைதான். யாரோ அதன்மேல் தண்ணீர் வடிகட்டியைத் தூக்கி வைத்தார்கள். பிறகு முப்பது வருடத்துக்கு மேல், நாளுக்கு நான்கு தடவை, அதன் முன்னால் நின்று நான் தண்ணீர் குடித்தேன்.

"வாங்கோ ராத்தா" என்று கூட்டிக்கொண்டு போனேன். கிண்ணியாப் பக்கம் அக்காவை ராத்தா என்றும் அண்ணனை நானா என்றும் சொல்வார்கள். வடிகட்டியை இறக்கி வைத்தேன். தண்ணீர் ஊறி மேல்பலகை வெடித்திருந்தது. அதன் ஓரத்தில் வெள்ளைப் பெயின்றால் அரசாங்க இலக்கம். மூடியைத் தூக்கினேன். உள்ளே மெசினின் தலை கவிழ்ந்து தொங்கியது. கரப்பான் முட்டையும் சிலந்தி வலையும் கறளும். தங்கக் கோடுகளில் ஒன்றிரண்டு மட்டும் தெரிந்தன.

றமீசா ராத்தா சில்லை, அதாவது சக்கரத்தை, பிடித்துச் சுற்றப் பார்த்தார். அசையவில்லை.

"உசிரு இரிக்கா?" என்று கேட்டார்.

"பாக்கோணும்."

"குழப்பத்துல இதுவும் போயிருக்கும்டு நெனச்சித்தான் இவ்வளவு காலமும் வரல்ல. எனக்கு ஒரு கரண்ட் மெசின் தந்திருக்காங்க, தம்பி. வாழ்வாதார உதவியாம். படமெல்லாம் எடுத்தாங்க. சுத்தியிருந்த ரிபனக் கூட நான் இன்னும் கழட்டல்ல. கரண்ட் இருந்தாத்தானே. புள்ளைகளுக்கு இஸ்கூல் தொறக்கப்போகுது, முப்பது உடுப்புக்குத் துணி வெட்டி வெச்சிருக்கன். மனிசன் படகு திருத்துறவர், எண்ணெ இல்லாம படகும் ஓடல்ல. இந்தத் துணியெல்லாம் நான் என்னத்தால தைக்கிற?"

"சேரோட கதைச்சுப் பாக்கிறன்" என்றேன். அரசாங்க வேலையில் மறுமொழி இல்லாதவர்கள் சொல்வது அது.

சேர் என்றால் பொறுப்பதிகாரி நடராசசிங்கம். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒருவரையும் அவர் சத்தம் போட்டு ஏசியதில்லை. அந்தத் தேவை வரவில்லை. எதைக் கொடுத்தாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, தாளை முகத்துக்கு அருகே பிடித்து, முதல் எழுத்திலிருந்து கடைசி முற்றுப்புள்ளி வரை வாசிப்பார். வாசித்துக்கொண்டிருக்கும்போது யாராவது இருமினால் மறுபடி தொடக்கத்திலிருந்து வாசிப்பார். ஒரு சுற்றறிக்கையை அடிமட்டம் வைத்துக் கோடிட்டே மூன்று நாள் படித்த மனிதர். "பார்ப்பம்" என்றால் முடியாது என்று பொருள். "யோசிப்பம்" என்றால் இனி இந்தக் கதையோடு வராதே என்று பொருள். ஒன்றும் சொல்லாமல் யன்னலால் கடலைப் பார்த்தால்தான் ஏதாவது நடக்கும். ஆறு வருடத்தில் அவர் கடலைப் பார்த்தது இரண்டு தடவை. ஒரு தடவை கப்பல் ஒன்று ஊதியது.

பற்றுச்சீட்டையும், சாமான் பதிவேட்டையும் கொண்டுபோய் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றினார். வாசித்தார். நான் இருமவில்லை.

"மிஸ்டர் அருளப்பு, இந்த அம்மா தந்தது மெசின்."

"ஓம் சேர்."

"எங்கட பதிவேட்டில மெசின் எங்கை இருக்கு?"

பதிவேட்டில் இருந்தது இது: 'மேசை, இரும்புக் கால், பலகை மேல்தட்டு. ஒன்று.' எழுதியவர் அந்தக் காலத்துக் களஞ்சியப் பொறுப்பாளர். கீழே மிதியும் பெரிய சில்லும் நன்றாகத் தெரியத்தான் செய்தன. ஆனால் அவர் எதையும் மேலிருந்து பார்க்கிறவர்.

"அப்ப மெசின் எங்களிட்ட இல்லை. மேசை இருக்கு. மேசை அரசாங்கத்தின்ர. அரசாங்கத்தின்ர மேசையை வெளியாளுக்குக் குடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. அவ தலைமைக் கந்தோருக்கு எழுதட்டும்."

ராத்தா எழுதினார். அதாவது, நான் எழுதினேன், அவர் கையொப்பமிட்டார். ஆச்சரியமாக மூன்று வாரத்தில் மறுமொழி வந்துவிட்டது. 'குறித்த மெசினின் பதிவேட்டுப் பக்க இலக்கத்தை அறியத் தரவும்' என்று கேட்டிருந்தார்கள். மெசின் பதிவேட்டில் இல்லையே, மேசையாக அல்லவா இருக்கிறது என்று பதில் எழுதினோம். 'பதிவேட்டில் இல்லாத பொருள் தொடர்பாக நடவடிக்கை எடுக்க முடியாது' என்று கடிதம் வந்தது. இரண்டு கடிதத்தையும் அடுத்தடுத்து வைத்து வாசித்தால் ஒரு பிழையும் சொல்ல ஏலாது. அவ்வளவு ஒழுங்கு.

இதற்கிடையில் இன்னொரு ஒழுங்கும் நெருங்கிக்கொண்டிருந்தது. வருடத்துக்கு ஒரு தடவை வேறு கந்தோர்களிலிருந்து மூன்று பேர் கொண்ட ஒரு சபை வரும். எங்களிடமுள்ள சாமான்களை எண்ணிப் பார்த்து, பாவனைக்கு உதவாததைக் கழித்துவிடும். கழித்த சாமானை ஒருவரும் திரும்பப் பாவிக்கக்கூடாது என்பதற்காக, அவர்கள் கண்முன்னாலேயே உடைத்துக் காட்ட வேண்டும். நல்ல சாமானைக் கழிவு என்று எழுதி வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களைத் தடுக்கத்தான் அந்த விதி. கள்ளனுக்குப் போட்ட விதி. அதனால் அகப்படுகிறவன் எப்போதும் வேறு ஆள். அந்த வருடக் கழிவுப் பட்டியலில் 'மேசை, பலகை வெடித்தது' என்று ஒரு வரி இருந்தது. உடைக்க வேண்டியவர்: நிலையத்தின் திருத்துநர். அதாவது நான்.

செய்தியைச் சொல்ல ராத்தாவின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். ராத்தா, "எங்கட சாமான எங்களுக்குத் தரவும் ஏலாது, ஒடைக்க மட்டும் ஏலுமா, தம்பி?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. விளங்கிக்கொள்வதற்காகக் கேட்டார். முப்பத்திரண்டு வருடத்தில் நான் செய்த பிழைகள் எத்தனையோ. அவை எல்லாம் மெசின்களுக்குச் செய்தவை. அவை வாய் திறந்து கேட்டதில்லை.

சபை வருவதற்கு இரண்டு நாள் இருந்தது. நடராசசிங்கம் சேர் என்னைக் கூப்பிட்டார்.

"கதவைச் சாத்திப்போட்டு வாங்கோ. மேசைக்குள்ள ஏதோ தொங்குதாம்."

"ஓம் சேர். மெசின்ர தலை."

"மேசைக்குத் தலை இருக்கோ?"

"இல்லை சேர்."

"கீழை ஒரு சில்லு?"

"இருக்கு சேர்."

"இருக்கோ எண்டு நான் கேக்கேல்லை. மேசைக்குச் சில்லு தேவையோ எண்டு கேக்கிறன்."

"தேவையில்லை சேர்."

"மிதி?"

"அதுவும் தேவையில்லை."

ஒரு சிறு தாளை எடுத்து, அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, கோட்டின்மேல் எழுதினார். திகதி போட்டார். கையொப்பமிட்டார். மறுபடி முழுவதையும் வாசித்துவிட்டுத் தந்தார். 'கழிவுக்குரிய மேசையைச் சபைக்குக் காட்டுமுன் துப்புரவு செய்து, அதற்குரியதல்லாத பொருட்களை வளவுக்கு வெளியே அகற்றவும்.'

"நாளைக்குள்ள" என்றார்.

"கால், சேர்?"

"கால் இல்லாத மேசையை எங்கையாவது கண்டிருக்கிறீங்களோ?"

"அந்தக் கால் இல்லாமல் சில்லைக் கொழுவ ஏலாது, சேர். அச்சு அதிலைதான்..."

"நான் மேசையைப் பற்றிக் கதைக்கிறன், மிஸ்டர் அருளப்பு. நீங்கள் வேறை எதையோ பற்றிக் கதைக்கிறீங்கள்."

பிறகு யன்னலால் கடலைப் பார்த்தார். கப்பல் ஒன்றும் ஊதவில்லை.

அன்று பின்னேரமே கழற்றத் தொடங்கினேன். தலையைத் தாங்கும் இரண்டு கொண்டிகளின் ஆணிகள் கறளில் இறுகிப் போயிருந்தன. சில்லையும் மிதியையும் இணைக்கும் தடி லேசாகக் கழன்றது. சில்லின் அச்சு பிடிவாதம் பிடித்தது. கடைசியில் எல்லாம் வந்தன. மிஞ்சியது இரண்டு வார்ப்பிரும்புக் கால்களும், அவற்றை இணைக்கும் சட்டமும், வெடித்த பலகையும். உண்மையிலேயே மேசைதான். பதிவேடு கடைசியில் சரியாகிவிட்டது. சீமெந்துப் பைக் கடதாசியைக் கிழித்து, ஒரு காலைத் தரையில் கிடத்தி, அதன் உருவத்தைப் பென்சிலால் அச்செடுத்தேன். அச்சுத் துளை எங்கே, மிதித் துளை எங்கே, நிலத்திலிருந்து எத்தனை அங்குலம் என்று எல்லாவற்றையும் குறித்தேன்.

தலையைச் சாக்கில் கட்டிச் சைக்கிளின் பின்னால் ஏற்றினேன். வாசலில் காவலாளி என்னவென்று கேட்டான். சேரின் துண்டைக் காட்டினேன். இரண்டு தடவை வாசித்துவிட்டு, "குப்பையோ, பாஸ்?" என்றான்.

"ஓம். மேசைக்கு உரியதல்லாதது."

"பாரமான குப்பை" என்று சொல்லி, சாக்கு சரிந்து விழாமல் கயிறு இழுத்துக் கட்டித் தந்தான். சில்லுக்கும் மிதிக்குமாக இன்னொரு தடவை போனபோது கதவைத் தானாகவே திறந்துவிட்டான்.

சொன்னபடி இரண்டாம் நாள் காலையில் சபை வந்தது. தலைவர் ஓர் இளம் அதிகாரி. எதைப் பார்த்தாலும் கைபேசியில் படம் எடுத்தார். மற்ற இருவரும் நிழலைத் தேடினார்கள். மேசையை வெயிலில் வைத்து, கனத்த சுத்தியலை என் கையில் தந்தார்கள். அந்தக் கால்களில் கொடியும் பூவுமாக வார்த்திருந்தார்கள். தயாரித்தவன் எந்த நாட்டில் எந்த நூற்றாண்டில் இருந்தானோ, யாரோ மிதிக்கப்போகிற இடத்துக்கு இவ்வளவு அலங்காரம் தேவை என்று நினைத்திருக்கிறான். வார்ப்பிரும்பு வளையாது; உடையத்தான் செய்யும். ஆனாலும் முதல் அடிக்கு உடையவில்லை. இரண்டாவது அடியில் என் தோள்மூட்டு வலித்தது. மூன்றாவது அடியில் ஒரு கால் இரண்டாகப் போனது.

தலைவர் குனிந்து பார்த்தார். "சேர், இதில ஏன் இத்தனை ஓட்டை?"

நடராசசிங்கம் சேர் கண்ணாடியைக் கழற்றிப் பதிவேட்டை வாசித்தார். "ஓட்டையைப் பற்றிப் பதிவேட்டில ஒண்டும் எழுதேல்லை" என்றார்.

தலைவர் தலையாட்டிவிட்டுப் படம் எடுத்தார். அந்தப் படத்தில் நானும் இருக்கிறேன், சுத்தியலோடு. என் சேவைக் காலத்தில் அரசாங்கச் செலவில் என்னைப் பிடித்த ஒரே படம் அது.

மீதி வேலை அன்புவழிபுரத்தில் என் வீட்டு முற்றத்தில் நடந்தது. பின்னேரங்கள் எல்லாமும், மூன்று சனிக்கிழமைகளும்.

முதல் சிக்கல் மண்ணெண்ணெய். இறுகிய மெசினை மண்ணெண்ணெயில் ஊற வைக்க வேண்டும். அந்த வருடம் மண்ணெண்ணெய்க்கு ஊர் முழுக்க வரிசையில் நின்றது. கடலுக்குப் போகிறவர்களுக்கே கிடைக்கவில்லை. ராத்தாவிடம் சொன்னேன். மூன்றாம் நாள் ஒரு மீன் லொறிக்காரன் சோடாப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து தந்தான். முக்கால் போத்தல் மண்ணெண்ணெய். அவர்கள் விளக்குக்கு வைத்திருந்தது. அந்த வீட்டில் அதற்குப் பிறகு எப்படி வெளிச்சம் கண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்திருக்கும்.

அதனால் ஒவ்வொரு துளியையும் மருந்து மாதிரி விட்டேன். எண்ணெய்த் துளை ஒவ்வொன்றையும் குண்டூசியால் கிளறி, இரண்டு துளி. யாரோ ஒரு காலத்தில் தேங்காயெண்ணெய் விட்டிருக்கிறார்கள். தேங்காயெண்ணெய் தலைமயிருக்கு நல்லது. மெசினுக்குள் போனால் நாளடைவில் பசையாகி, பிறகு அரக்காகிவிடும். கறளைவிட அதுதான் பெரிய கரைச்சல். அதை இளக்கச் சூடு வேண்டும். சூட்டுக்குக் கரண்டும் இல்லை, சமையல் காஸும் இல்லை. நல்ல காலம், வெயிலுக்கு மட்டும் அந்த வருடம் வரிசை இருக்கவில்லை. காலையில் துளி விட்டு, தகரத்தின்மேல் கிடத்தி, மத்தியானம் வரை காய விடுவேன். இரும்பு கை சுடுகிற பதத்துக்கு வந்ததும் கைச்சில்லைப் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பார்ப்பேன். பலம் போடக்கூடாது. பலம் போட்டால் உள்ளே பல் உடையும். உடைந்தால் அந்தப் பல்லுக்கு மாற்று இந்த உலகத்தில் இல்லை.

என் மனைவி திரேசா குசினி வாசலில் நின்று பார்த்தாள். "கந்தோரில முப்பது வருசம் வைச்சிருந்த சாமானை இப்ப வீட்டில வைச்சு என்ன அவசரம்?" என்றாள்.

"வெள்ளிக்கிழமை குடுக்கிறன் எண்டு சொன்னனான்."

"எந்த வெள்ளிக்கிழமை?"

கைச்சில்லை மறுபடி மெல்ல அசைத்துப் பார்த்தேன்.

இரண்டாவது சனிக்கிழமை கைச்சில்லு ஒரு நெல் அளவு அசைந்தது. அடுத்த நாள் கால் சுற்று. அதற்கடுத்த வாரம் முழுச் சுற்று வந்தது. வரும்போது கிழட்டுக் கதவு மாதிரி முனகியது. அதன் பிறகு ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, துடைத்து, கழற்றிய வரிசையிலேயே ஒரு பாயில் பரப்பினேன். ஊசித்தண்டு, துணியை நகர்த்தும் பல், நூல் சுற்றும் பொபின், அதன் கூடு. பொபினில் நீல நூல் பாதி மிச்சமிருந்தது. இழுத்துப் பார்த்தேன், அறுந்தது. முப்பத்திரண்டு வருடம் கழித்தும் அதே முறைப்பாடு.

அந்த முறைப்பாட்டின் காரணத்தைத் தேடினேன். ஊசி இறங்குகிற சிறு தட்டைக் கழற்றி வெயிலில் பிடித்தபோது தெரிந்தது. ஊசி எப்போதோ சறுக்கி அந்தத் துளையின் விளிம்பில் குத்தியிருக்கிறது. ஒரு மயிரளவு கீறல். நூல் போகும்போது அதில் உராய்ந்து அறுந்திருக்கிறது. மெழுகும் மெல்லிய அரப்பொடியும் பூசிய ஒரு நூலை அந்தத் துளையால் விட்டு, முன்னும் பின்னும் இழுத்துத் தேய்த்தேன். நகத்தால் தடவிப் பார்த்தேன். வழுவழுப்பாக இருந்தது.

பத்து நிமிட வேலை. அவர் பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டுவதற்குள் முடித்துக் கையில் கொடுத்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு நான் புது உத்தியோகத்தன். உடனே செய்து கொடுத்தால் வேலை சின்னது என்று சனம் நினைத்துவிடும் என்று ஒரு மூத்தவர் சொல்லித் தந்திருந்தார். அதனால்தான் வெள்ளிக்கிழமை.

அந்தத் தட்டை அதன் இடத்தில் வைத்துப் பூட்டினேன். திரேசா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

சீமெந்துக் கடதாசி அச்சை ராத்தாவின் கணவர் காசிம் நானாவுக்கு அனுப்பியிருந்தேன். படகுக்கு வங்கு, அதாவது விலாச்சட்டம், வைக்கிற பூவரசு மரத்தில் அவர் கால்களையும் மேல்பலகையையும் செய்தார். சில்லின் அச்சு மரத்தைத் தின்றுவிடாமல் பழைய எஞ்சின் தகட்டை வெட்டிப் பதித்திருந்தார். மெசினைச் சில்லோடு இணைக்கும் தோல் பட்டிக்கு என் இடுப்புப் பட்டியை நீளவாக்கில் வெட்டினேன். அந்த வருடம் எல்லோருக்கும் காற்சட்டை தளர்ந்துதான் இருந்தது. என்னுடையது இன்னும் கொஞ்சம் தளர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெறும் ஐஸ் பெட்டிகளோடு திரும்பிய மீன் லொறியில் தலையையும் சில்லையும் மிதியையும் என்னையும் ஏற்றிக்கொண்டு குறிஞ்சாக்கேணிக்குப் போனேன். காசிம் நானாவும் நானும் பூட்டினோம். பேச்சில்லாத மனிதர், ஒவ்வொரு ஆணியையும் இறுக்கிய பிறகு உள்ளங்கையால் மரத்தை ஒரு தட்டுத் தட்டுவார். சில்லு மிதியோடு ஒத்து ஓடுவதற்கு நான்கு தடவை கழற்றிப் பூட்ட வேண்டி வந்தது. மரத்தில் நின்றதால், இரும்பில் கேட்கும் கடகடப்புச் சத்தம் இல்லை. படகுக்குள் இருந்து கேட்பதுபோல ஒரு மந்தமான ஓசை.

கரண்ட் இல்லை. யன்னல் பக்கம் இழுத்து வைத்தார்கள். ராத்தா கதிரையில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, மிதியில் இரண்டு பாதங்களையும் வைத்தார். ஒரு துண்டுத் துணியை ஊசிக்குக் கொடுத்து மிதித்தார். முதல் பத்துத் தையலும் கோணல். நூலின் இறுக்கத்தைத் திருத்தினேன். அடுத்த வரி நேராக வந்தது. நூல் அறவில்லை. துணியின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், நகத்தால் தடவினார். வெட்டி அடுக்கியிருந்த வெள்ளைத் துணிகளில் மேலே கிடந்ததை எடுத்துத் தோள் மூட்டைத் தைக்கத் தொடங்கினார்.

நான் சொல்லத்தான் வேண்டும் என்று நினைத்தேன்.

"ராத்தா, இதில இருந்தது பத்து நிமிச வேலை. அண்டைக்கே செய்து தந்திருக்கலாம். அண்டைக்கே நீங்கள் கொண்டு போயிருக்கலாம்."

அவர் மிதிப்பதை நிறுத்தவில்லை. அந்தத் தோளைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டுத்தான் பேசினார்.

"அண்டைக்குக் கொண்டு வந்திருந்தா அதுவும் போயிருக்கும் தம்பி. நாங்க திரும்பி வந்தப்போ வீட்டுல ஒரு கதவு கூட மிஞ்சல்ல. அடுப்புக் கல்லத்தான் பார்த்து இதுதான் எங்கட வளவுண்டு கண்டுபுடிச்ச."

இவ்வளவு காலம் செய்யாமல் விட்டதுதான் அந்த மெசினைக் காப்பாற்றியிருக்கிறது என்று, எனக்கு வேண்டிய இடத்தில் அந்தக் கதையை நான் நிறுத்திக்கொண்டேன். அவர் நிறுத்தவில்லை.

"ஆனா அதுக்குப் பொறகு ஒரு கடதாசி போட்டிருக்கலாம். ஊரு பேரெல்லாம் உங்கள்ட்ட இருந்திச்சே. நான் பத்து வருசம் கையாலதான் தெச்ச, பொறகுதான் ஒரு இரவல் மெசின் கெடச்ச. இந்த வெரலப் பாருங்க."

பார்த்தேன். ஆட்காட்டி விரலின் நுனி தட்டையாகி, தோல் தடித்து, கொம்பு மாதிரி இருந்தது. நகத்தின் ஓர் ஓரம் வளராமலே நின்றிருந்தது. பெயரும் ஊரும் எங்கள் பற்றுச்சீட்டு அடிக்கட்டைப் புத்தகத்தில் என் கையெழுத்திலேயே இருந்தன. கடிதம் போடச் சொல்லி ஒரு விதியும் இல்லை. போடக்கூடாது என்றும் ஒரு விதியும் இல்லை. நடராசசிங்கம் சேரைக் கேட்டிருந்தால் பதிவேட்டைப் பார்த்து ஏதாவது சொல்லியிருப்பார். நான் யன்னலோரம் அப்படியே நின்றேன்.

ராத்தா அடுத்த துணியை எடுத்து ஊசிக்குக் கீழே வைத்தார். குனிந்து ஒரு கணம் பார்த்துவிட்டு, நிமிராமலே சொன்னார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தம்பி. வெளிச்சத்த மறைக்கிறீங்க."

தள்ளி நின்றேன்.